ஆளுக்கு அரை அவுன்ஸ்

மருந்து கலக்கத் தெரிந்தவனுக்குச் சமைக்கவும் தெரியும் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்பது என் கட்சி. நிறுக்கிறோம், அளக்கிறோம், கலக்குகிறோம், ஆளைப் பார்த்துக் கொடுக்கிறோம். மருந்து குடிக்கிறவன் முகத்தைச் சுளிப்பான், சாப்பிடுகிறவன் சுளிக்கமாட்டான், வித்தியாசம் அவ்வளவுதானே? இந்த நம்பிக்கை ஓர் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உச்சத்துக்குப் போய், மறுநாள் காலை பத்து மணிக்குள் குற்றாலத்தில் வைத்து முடிந்துபோனது. அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. அந்த வயதில் ஒரு மனிதனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு வரவில்லை.

தென்காசியில் முப்பது வருடம் கம்பவுண்டராக இருந்தவன் நான். டாக்டர் சீட்டில் கிறுக்குவதைப் படித்து, மருந்தைக் கலக்கிச் சீசாவில் ஊற்றி, ஒரு துண்டுக் காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்துச் சீசாவின் முதுகில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை. (இப்போது எல்லாம் மாத்திரை. பல்லும் இல்லை, பட்டையும் இல்லை.) ஐம்பத்தைந்தில் ரிட்டயர் ஆனேன். அடுத்த வருடமே என் மனைவி அன்னம்மாள் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். ஊருக்கெல்லாம் மருந்து கலக்கியவன் அவளுக்குக் கலக்கியது எதுவும் பலிக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அவள் இருந்தவரை என்னை அடுக்களைக்குள் விட்டதில்லை. நிலைப்படிக்கு வெளியே நிறுத்தித்தான் பேசுவாள். "அங்கனயே நின்னு சொல்லுங்க. உள்ள வந்தா ஒங்களுக்குக் கை சும்மா இருக்காது" என்பாள். அவள் போன பிறகு உள்ளே நுழைந்தேன். ஒரே வாரத்தில் அடுக்களையை டிஸ்பென்சரி ஆக்கிவிட்டேன். மிளகை மருந்துத் தராசில் டிராம் கணக்கில் நிறுத்தேன். காபி டிகாஷன் சீசாவுக்குக் காகிதப் பட்டை ஒட்டினேன். ரசத்தைச் சீசாவில் ஊற்றி 'குலுக்கிக் குடிக்கவும்' என்று சீட்டு எழுதினேன். ரசத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடையாது என்பது இன்றும் என் அபிப்பிராயம். பத்து மாதம் இப்படி ஓடியது. மெலிந்துதான் போனேன், ஆனால் அளவாக மெலிந்தேன்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் எஸ்தர் மதுரையில் பள்ளிக்கூட டீச்சர். அவள் கணவர் தங்கராஜ் ஒரு தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. நடுவில் டேவிட், சென்னையில் கம்பெனி உத்தியோகம். அவன் மனைவி ரோஸ்லின் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். கடைசி மெர்சி, வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்னம்மாள் போன பிறகு மூன்று பேரும் தங்களுக்குள் கடிதம் எழுதி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அப்பாவைத் தனியே விடக்கூடாது. ஆறு மாதம் மதுரை, ஆறு மாதம் சென்னை. தென்காசி வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவது. ஆக, என்னையும் அளந்து இரண்டு சீசாவில் ஊற்றிவிட்டார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைகள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்னொருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காபி எப்போது வரும் என்று அடுக்களைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆளாக ஆகிவிடுவேனோ என்று பயம். தென்காசியில் கோயில் மொட்டைக் கோபுரத்திலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்தால் பத்துப் பேராவது நிறுத்தி, வைத்தியம் கேட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். மதுரையில் எனக்கு யார் நாக்கை நீட்டப்போகிறார்கள்? அதோடு, அன்னம்மாள் இங்கேதான் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். ஆகவே மூன்று பேருக்கும் கார்டு போட்டேன். 'ஈஸ்டருக்கு எல்லோரும் வாருங்கள். ஒருவரும் ஒரு வேலையும் செய்ய வேண்டாம். சமையல் முழுவதும் நான்.' நான் தனியாக இருக்கக்கூடியவன் என்று நேரில் காட்டிவிடலாம் என்பது திட்டம்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை எல்லோரும் வந்து இறங்கினார்கள். நயாபைசா வந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம், ஏப்ரல் மாதம், வெயில் கொளுத்தியது. எஸ்தர் தன் இரண்டு பிள்ளைகளையும் நாசரேத்தில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அப்போதே தெரிந்துவிட்டது, இது பண்டிகைக்கு வந்த வருகை இல்லை, கமிட்டி. வெள்ளிக்கிழமை சர்ச்சில் மூன்று மணி நேர ஆராதனை, பிறகு கஞ்சியும் துவையலும் என்று அடங்கியிருந்தாள். சனிக்கிழமை காலை டப்பாக்களைத் திறக்க ஆரம்பித்தாள்.

"என்னப்பா இது, ரவையில வண்டு ஓடுது?"

"இந்தா, இப்பம் சலிச்சிருவேன்."

"இது என்னது, ரசத்துக்குச் சீட்டு ஒட்டி வச்சிருக்கிய?"

"அது ஒரு வசதிக்குத்தாம்ட்டி."

அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். (என் மகள் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள். சிவப்புப் பென்சில் இல்லாததுதான் குறை.) பிறகு விஷயத்தைச் சொன்னாள். வீட்டைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை காலை ஓர் ஆள் வருகிறாராம். நல்ல குடும்பமாம். பேசி முடித்துவிட்டு, புதன்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"நாளைக்கு என் சமையலச் சாப்பிட்டுட்டுப் பேசு" என்றேன்.

"சரிப்பா. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்றாள். நியாயமான பெண்தான்.

ஈஸ்டர் விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் ஜெபம். ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு அன்னம்மாள் பக்கத்தில் நின்றோம். அவள் போன பிறகு வந்த முதல் ஈஸ்டர். எஸ்தர் மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றிவிட்டுக் காற்றுப் படாமல் கையைக் குவித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தாள். அம்மா போனதிலிருந்து அவள் எங்கள் முன்னால் அழுததும் இல்லை, சிரித்ததும் இல்லை. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைய ஏற்பாடு நெய்ச்சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். சீரகச்சம்பா அரிசி, ஒரு தராசுத் தட்டு பட்டை கிராம்பு, முந்திரிப் பருப்பு, அச்சன்புதூரிலிருந்து சொல்லிவைத்து வாங்கிய பசுநெய் ஒரு சீனப் பரணி நிறைய. கறிக்குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. அரிசி கழுவி ஊறுகிறது. பரணியை எடுக்க அலமாரியின் மேல்தட்டுக்குக் கையை நீட்டினேன். கையில் கறி மசாலா எண்ணெய். பரணி வழுக்கிக் கல்தரையில் விழுந்து நாலு துண்டாயிற்று. நெய் மொத்தமும் அடுப்புச் சாம்பலில் போய்க் கலந்தது.

கூடத்திலிருந்து எஸ்தர் குரல் கொடுத்தாள். "என்னப்பா ஒடஞ்சது?"

"ஒண்ணுமில்லட்டி. பூனை."

"ஒங்கள்ட்ட ஏதுப்பா பூனை?"

"பக்கத்து வீட்டுப் பூனை. ஓடிட்டு."

நோட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது போல எனக்குத் தோன்றியது. (உண்மையில் அவள் விசிறிக்கொண்டிருந்திருக்கலாம்.) கடைக்குப் போய் நெய் வாங்கலாம். கடைகள் திறந்துதான் இருக்கும். தென்காசி பஜாருக்கு ஈஸ்டர் ஒரு பொருட்டில்லை. ஆனால் முன்வாசல் வழியாகப் போனால் கூடத்தில் எஸ்தர். பின்வாசலில் மாப்பிள்ளை தங்கராஜ் முருங்கை மரத்தில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். கையில் தூக்குச் சட்டியோடு என்னைப் பார்த்தால், "என்ன மாமா, எங்க போறிய?" என்பார். நெய்ச்சோறு சமைக்கக் கிளம்பிய ஆள் நெய்யில்லாமல் தவிக்கிறான் என்று தெரிந்துவிடும். பதினைந்து நிமிடத்தில் என் மூட்டை கட்டப்பட்டுவிடும்.

இங்கேதான் முப்பது வருட அனுபவம் கைகொடுத்தது. (கையைக் கடித்தது என்று எழுத வேண்டும்.) அடுக்களையை ஒட்டிய சின்ன அறையில் என் மருந்தலமாரி. ரிட்டயரான பிறகும் தெருக்காரர்கள் வந்து கேட்பார்கள் என்று நாலு சாமான் வைத்திருந்தேன். அதில் ஒரு பெரிய சீசா நிறைய லிக்விட் பாரபின். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற எண்ணெய். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசி கிடையாது, ஊசிப்போகாது. குடலில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பதைத் தவிர அதன் மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் பொறுப்பான கம்பவுண்டர். முறைப்படி அளவு போட்டேன். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஓர் அவுன்ஸ் வரை தாராளமாகக் கொடுக்கலாம். சோற்றுக்குத் தேவை ஆறு அவுன்ஸ். வீட்டில் ஆறு பேர். மத்தியானம் பாதி, இரவுக்குப் பாதி. ஆக, ஆளுக்கு அரை அவுன்ஸ். அரை அவுன்ஸில் ஒரு பச்சைப்பிள்ளை கூட அசையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவுன்ஸ் கிளாஸில் கோடு பார்த்து, கை நடுங்காமல் ஆறு தடவை ஊற்றினேன். பரணியின் அடித்துண்டில் இரண்டு கரண்டி நெய் சாம்பல் படாமல் தங்கியிருந்தது. அதை வழித்துக் கடைசியில் மேலே விட்டேன். வீடே மணத்தது.

அந்த அளவில் ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் எங்களுக்கு லெந்து; கறி மீன் கிடையாது. அன்னம்மாள் வளர்த்த பிள்ளைகள் மதுரைக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் லெந்தை விடவில்லை. கட்டிக்கொண்டவர்களையும் லெந்து அனுசரிக்க வைத்தார்கள். நாற்பது நாள் வெறும் காய்கறியில் காய்ந்து கிடந்த ஐந்து பேர் முன்னால் நெய்ச்சோற்றையும் கறிக்குழம்பையும் வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு தரம்தான் வாங்குவார்கள் என்று நம்பியிருக்கிறேன்.

தங்கராஜ் மூன்று தரம் வாங்கினார். டேவிட்டும் மூன்று தரம். அதன் பிறகு இரவுக்கென்று வைத்திருந்த பாத்திரத்தை அவனே எழுந்துபோய் எடுத்து வந்து, ரோஸ்லினுக்குப் பாதி போட்டுவிட்டு மீதியைச் சுரண்டித் தின்றான். எஸ்தர் இரண்டு தரம். மெர்சி மட்டும் ஒரே தரத்தோடு எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் பழக்கம், மணியடித்தால் எழுந்துவிட வேண்டும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சமச்சவனுக்குப் பசிக்காது" என்று சொல்லி இரண்டு வாழைப்பழம் தின்றேன்.

"மாமா, இது மாதிரி நெய்ச்சோறு நான் சாப்பிட்டதில்ல" என்றார் தங்கராஜ். "எவ்வளவு தின்னாலும் தெகட்டவே இல்ல பாத்தியளா."

"கையில ஒட்டவே மாட்டேங்குது" என்றாள் ரோஸ்லின்.

எஸ்தர் விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா வைக்க மாதிரியே இருக்குப்பா" என்றாள். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்குக் கிடையாது. அதே சமயம், சட்டியைப் பார்த்தபோது ஒரு கவலையும் எழுந்தது. சட்டி காலி.

"மாமாவத் தனியா விடலாம்ங்கேன் நான்" என்றார் தங்கராஜ், ஏப்பத்தோடு. "செவ்வாக்கெழம அந்த ஆள வரவேண்டாம்னு சொல்லிருவமா?"

"நாளைக்குக் குத்தாலம் போயிட்டு வந்து பேசுவோம்" என்றாள் எஸ்தர். அவள் வாயிலிருந்து அது சம்மதத்துக்கு முந்தின படி. அன்று மத்தியானம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இராத்திரி எல்லோரும் மோர் மட்டும் போதுமென்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாரபின் சாவகாசமாக வேலை செய்கிற மருந்து என்பதை மறந்துவிட்டு, என் அளவு சரிதான் என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிப் படுத்தேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் குற்றாலம் போவது அன்னம்மாள் ஏற்படுத்திய வழக்கம். ஏப்ரலில் அங்கே தண்ணீர் இருக்காது என்பது தென்காசியில் எல்லோருக்கும் தெரியும். சாரல் தொடங்க ஆனி மாதம் ஆகும். கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டு போய், பாறையில் உட்கார்ந்து, குரங்குக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வருவோம். இது ரோஸ்லினுக்குத் தெரியாது. டேவிட் கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அருவியைப் பற்றி அளந்திருக்கிறான். அவள் எண்ணெய், சீயக்காய், சோப்பு, எட்டுத் துண்டு, எல்லாம் கொண்டுவந்திருந்தாள். எதற்கு எட்டுத் துண்டு என்று அப்போது நாங்கள் சிரித்தோம். பிறகு அவளுக்கு நன்றி சொன்னோம்.

காலை ஏழு மணிக்கு இரண்டு வில்வண்டியில் புறப்பட்டோம். மேலகரம் தாண்டும்வரை தங்கராஜ் தன் ஆபீஸ் பெருமையைப் பேசிக்கொண்டு வந்தார். அவர் ஆபீசில் எதற்கும் எழுத்தில் மனு வேண்டும். கலெக்டரே வந்தாலும் மனு இல்லாமல் ஒரு காகிதம் நகராது என்றார். திடீரென்று பேச்சை நிறுத்தினார். வண்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ள?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாமா. வண்டி ரொம்பக் குலுங்குது" என்றார். பிறகு வண்டிக்காரரிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் வெரசலா விடுங்க" என்றார். ஒரு நிமிடம் கழித்து, "வேண்டாம், மெதுவாப் போங்க" என்றார். இன்னும் ஒரு நிமிடத்தில் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துச் சாலையோரத்துப் புதருக்குள் போனார். முன்வண்டியிலிருந்து டேவிட் ஏற்கெனவே இறங்கிப்போயிருந்தான்.

எனக்கு விளங்கிவிட்டது. மலையைப் பார்க்கிறவன் மாதிரி திரும்பி உட்கார்ந்தேன்.

குற்றாலம் வந்து சேர்ந்தபோது பேரருவி, யாரோ மேலே குழாயைச் சரியாக மூடாத மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. பாறை வறண்டு வெளுத்துக் கிடந்தது. கடைகள் அடைத்திருந்தன. சீசன் பங்களாக்கள் எல்லாம் பூட்டு. ரோஸ்லின் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, ஃபால்ஸ் எங்கே?"

"அன்னா தெரியுதுல்லா" என்று நூலாக ஒழுகிய தண்ணீரைக் காட்டினேன். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, துண்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு பாறைகளுக்குப் பின்னால் ஓடினாள். எஸ்தர் அவளைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி பின்னாலேயே போனாள்.

தண்ணீருக்குப் பெயர்போன ஊரில் ஒரு செம்பு தண்ணீருக்கு அலைந்தோம். கடைசியில் ஒரு மிராசுதாருடைய பங்களாவில் காவல்காரர் ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்தோம். உள்ளே கிணறு இருக்கிறது, கக்கூசும் இருக்கிறது. காவல்காரர் கேட்டுக்கு அந்தப் பக்கம் பீடி குடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தொறங்க" என்றார் தங்கராஜ்.

"மொதலாளி எழுத்து இல்லாம தொறக்கப்படாதுல்லா."

"அவசரம் அண்ணாச்சி. பொம்பளைய வேற இருக்காவ."

"அப்பம் நீங்களாச்சும் ஒரு எழுத்து குடுங்க. நாளைக்கு எங்கிட்ட கேட்டா நான் எதக் காட்ட?"

தங்கராஜ் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு சட்டைப் பையில் இருந்த ஈஸ்டர் பாட்டுத் தாளை எடுத்து, கேட்டுத் தூணில் வைத்து, அதன் முதுகில் பேனாவால் மனு எழுதினார். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு எழுதினார். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது யாதெனில்' என்றுதான் அப்போதும் ஆரம்பித்தார், பழக்க தோஷம். காவல்காரர் தாளை வாங்கித் தூர நீட்டிப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எதுக்குன்னு போடலியே?"

"அவசர நிமித்தம்னு போட்டிருக்கம்ல்லா!"

"என்ன அவசரம்னு மொதலாளி கேப்பாரு. தேதியும் இல்ல."

தங்கராஜ் தேதி போட்டார். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. (தன் ஆபீசில் அவர் அதன்பிறகு மனுவை வாசித்துக்கொண்டே ஆளை நிற்க வைப்பதில்லை என்று எஸ்தர் சொல்லக் கேள்வி.) கேட்டு திறந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் எங்கள் குடும்பம் அந்தப் பங்களாத் தோட்டத்தில் முறை வைத்து நின்றது. நான் கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினேன். அதுதான் அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

மெர்சி கடைசியாகத்தான் போனாள். ஒரே தரம் சாப்பிட்டவள் அல்லவா. போய்வந்ததும் மாமரத்தடியில் எல்லோரையும் உட்கார வைத்து, வார்டில் கேட்பது மாதிரி கேட்டாள்.

"வயித்த வலிக்கா?"

யாருக்கும் இல்லை.

"காய்ச்ச? வாந்தி?"

இல்லை.

"அப்பம் கறி கெட்டுப்போகல" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எல்லாருக்கும் போவுது. ஒங்களுக்கு மட்டும் ஏம்ப்பா போவல?"

வாளிக் கயிறு கையில் இருந்தது. அதைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"நேத்து அந்தப் பூனை எத ஒடச்சுது?"

"நெய்ப் பரணிய."

"அப்பம் நெய்ச்சோத்துல என்ன நெய்யி?"

சொன்னேன். சொல்லிவிட்டு அவசரமாக, "ஆளுக்கு அரை அவுன்ஸ்தாம்ட்டி" என்றேன். "நீங்கள்லாம் மூணு தரம் வாங்குவியன்னு நான் கண்டனா?"

மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். டேவிட் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தான். தங்கராஜ்தான் மிகவும் நொந்துபோய்க் கேட்டார். "மூணாந்தரம் வாங்கும்போதாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா?"

"நல்லா இருக்குன்னு சொன்னியளே மாப்பிள்ள. எப்படிச் சொல்ல?"

எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா ஒங்கள அடுக்களைக்குள்ள விடாதது சரிதான்" என்று மட்டும் சொன்னாள். திரும்பும்போது அவள் வேண்டுமென்றே மற்ற வண்டியில் மெர்சியோடு ஏறிக்கொண்டாள். என் வண்டிக்காரர், "சீசன் இல்லாத நேரத்துல குத்தாலத்துல இம்புட்டு நேரம் இருந்தவிய நீங்கதான் அண்ணாச்சி. அப்பிடி என்னத்தப் பாத்திய?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை வரப்போகிற ஆளை நினைத்துக்கொண்டு வந்தேன். என்ன பெட்டியை எடுத்துப்போவது, அவுன்ஸ் கிளாஸை எடுத்துப்போக விடுவார்களா என்று யோசித்தேன். அழுகை வந்தது. வெயில் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் எஸ்தர் கஞ்சி வைத்தாள். எல்லோரும் குடித்தோம். பிறகு கமிட்டி கூடியது. அடுக்களையில் என்னைத் தனியாக விட்டால் ஊருக்கே ஆபத்து என்று டேவிட் ஆரம்பித்தான்.

"சரி, யார் வீட்டுக்கு மொதல்ல கூட்டிட்டுப் போக?" என்று கேட்டாள் எஸ்தர்.

டேவிட் ரோஸ்லினைப் பார்த்தான். ரோஸ்லின் தரையைப் பார்த்தாள். அந்தப் பெண் நல்லவள், மனசில் ஒன்றும் கிடையாது. "மாமா தாராளமா வரட்டும்" என்றாள். "ஆனா எங்க வீட்டு கிச்சனுக்குக் கதவு இல்லையே" என்றாள். தங்கராஜ் உடனே, மதுரை வீட்டு அடுக்களைக்குக் கதவு உண்டு, ஆனால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இல்லை என்று தெரிவித்தார்.

"அப்பம் அப்பா இங்கனயே இருக்கட்டும்" என்றாள் எஸ்தர்.

செவ்வாய்க்கிழமை வந்த ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நிபந்தனைகள் இருந்தன. அடுத்த தெருவில் ஒரு அம்மா தினமும் அடுக்குச் சட்டியில் சாப்பாடு கொடுத்தனுப்புவார்கள். மருந்தலமாரியைப் பூட்டிச் சாவியை மெர்சி எடுத்துக்கொள்வாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மூன்று பேரும் குடும்பத்தோடு இங்கே வருவார்கள். வந்து, அவர்களே சமைப்பார்கள். நான் நிலைப்படிக்கு வெளியே நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டேன். நல்ல சமையல்காரன் என்று காட்டி ஜெயிக்க நினைத்தவன், எவர் வீட்டிலும் வைத்துக்கொள்ளத் தைரியமில்லாத ஆள் என்று பெயர் வாங்கி ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்று வெளியே யாரிடமும் சொல்லவில்லை. (காவல்காரர் சொல்லிவிட்டார்.)

பயந்துதான் விட்டுவிட்டுப் போனார்கள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை மெர்சியிடம் அதைச் சொல்லிச் சிரித்தபோது, அவள் சிரிக்கவில்லை.

"பயந்துட்டு இல்லப்பா. அன்னைக்கு வண்டியில ஏறினதும் அக்கா சிரிக்க ஆரம்பிச்சா. மேலகரம் வாரவரைக்கும் சிரிச்சா. அம்மா போன பொறவு அன்னைக்குத்தான் சிரிச்சா. பொறவு சொன்னா, ஒரு பரணி ஒடஞ்சத மறைக்கதுக்கு மனுசன் இந்தப் பாடு படுதாரே, இவர வீட்ட விட்டுப் பிடுங்கிட்டுப் போனா தாங்கமாட்டாருட்டின்னு. கதவு இல்ல தாப்பா இல்லன்னு பேசணும்னு எல்லாரும் கஞ்சி குடிக்குமுன்னயே பேசி வச்சுக்கிட்டோம்."

எனக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. அதே வீட்டில்தான் இருக்கிறேன். சாவி இன்னும் மெர்சியிடம்தான். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எல்லோரும் வருகிறார்கள். இலை போட்டு, நெய்ச்சோறு பரிமாறி, எழுந்து நின்று கண்ணை மூடி ஜெபம் செய்கிறோம். ஜெபம் முடிகிற இடத்தில் டேவிட் கணீரென்று கேட்பான். "அப்பா, அளவு என்ன?" நான் சொல்ல வேண்டும். "ஆளுக்கு அரை அவுன்ஸ். மூணாந்தரம் கேக்கப்படாது." எல்லோரும் ஒரே குரலாக "ஆமென்" என்பார்கள். பிறகுதான் உட்கார விடுவார்கள்.

போன ஈஸ்டருக்கு எஸ்தருடைய மகன் புது மனைவியோடு வந்திருந்தான். அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அவளும் பக்தியாக முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எங்களோடு "ஆமென்" சொன்னாள். உட்கார்ந்ததும், "அத்தை, இது எந்த ஜெபப் புத்தகத்துல இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஒங்க தாத்தா சேத்தது" என்றாள் எஸ்தர், முகம் மாறாமல். பெண் மரியாதையாக என்னைப் பார்த்தாள். நாற்பது நாள் லெந்து இருந்தவள், நன்றாகவே சாப்பிட்டாள். மூன்றாவது தரம் அவள் சோற்றுக்குக் கை நீட்டியபோது மொத்தப் பந்தியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தது. நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். நிலைப்படி தாண்டி உள்ளே போகவில்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் அவளுக்குச் சோறு போட்டார்கள்.